குடிவரவுத் தடுப்புக்காவலுக்கான மாற்று வழிமுறைகள்

உரிய ஆவணமின்றி ஒரு நாட்டில் இருக்கும் வெளிநாட்டவரையும் புகலிடக் கோரிக்கையாளரையும் அடைத்து வைக்காமல், அவர்களது விண்ணப்பம் முடிவாகும் வரையிலோ அவர்கள் நாட்டைவிட்டு அனுப்பப்படும் வரையிலோ வெளியே வாழவிடும் சட்டங்களும் நடைமுறைகளும் குடிவரவுத் தடுப்புக்காவலுக்கான மாற்று வழிமுறைகள் எனப்படுகின்றன. குறித்த நாளில் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திடுவது, பிணை கொடுப்பது, குறிப்பிட்ட முகவரியில் தங்குவது, ஒரு பொறுப்பாளரின் துணையோடு வழக்கை நடத்துவது, காலில் மின்னணுப் பட்டை அணிவது எனப் பலவும் இப்பெயருக்குள் அடங்கும். இவை எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. சில வழிமுறைகள் மனிதருக்குச் சுதந்திரத்தைத் திருப்பித் தருகின்றன. சில, சுவரில்லாத சிறையாக அமைந்துவிடுகின்றன. இத்துறையின் முதன்மையான விவாதம் இந்த வேறுபாட்டைப் பற்றியதே.

தடுப்புக்காவலின் தன்மை

குடிவரவுத் தடுப்புக்காவல் ஒரு தண்டனை அன்று. சட்டத்தின் பார்வையில் அது நிர்வாக நடவடிக்கை மட்டுமே. ஆளின் அடையாளத்தை உறுதிசெய்வது, விசாரணைக்கு வராமல் தலைமறைவாவதைத் தடுப்பது, நாடு கடத்தும் நாளில் ஆள் கையில் இருப்பதை உறுதிப்படுத்துவது ஆகியவையே அரசுகள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள்.

தண்டனை இல்லை என்பதாலேயே இதில் ஒரு விபரீதம் உண்டு. திருட்டுக் குற்றத்துக்குச் சிறை சென்றவருக்குத் தான் வெளியே வரும் நாள் தெரியும். குடிவரவுத் தடுப்பில் இருப்பவருக்குப் பல நாடுகளில் அது தெரியாது. ஐக்கிய இராச்சியத்தில் பெரியவர்களைத் தடுத்து வைப்பதற்குச் சட்டத்தில் பொதுவான கால உச்சவரம்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுத் திருப்பி அனுப்பல் நெறியாணை ஆறு மாத வரம்பை வைத்தாலும், மேலும் 12 மாதங்கள் நீட்டிக்க இடம் தந்தது. எந்த நாட்டுக்கும் அனுப்ப முடியாத நாடற்றவர்களின் நிலை இன்னும் மோசமானது. அனுப்புவதற்காகவே அடைத்து வைக்கிறார்கள். அனுப்ப வழியில்லை என்பதால் அடைப்பு முடிவதும் இல்லை.

சட்ட அடிப்படை

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருந்த இடத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதமின்றித் தம்மை அதிகாரிகளிடம் ஒப்படைத்து, தக்க காரணம் காட்டும் அகதிகளை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவர்களது நடமாட்டத்தின் மீது தேவையான கட்டுப்பாடுகளை மட்டுமே விதிக்கலாம் என்றும் கூறுகிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பு தன்னிச்சையான தடுப்பைத் தடைசெய்கிறது.

இந்த 9ஆம் உறுப்புக்குச் செயல்வடிவம் தந்தவை ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் சென்ற முறையீடுகள். நான்கு ஆண்டுகளுக்கு மேல் அடைக்கப்பட்டிருந்த கம்போடிய புகலிடக் கோரிக்கையாளர் ஒருவரின் முறையீட்டில் 1997இல் அக்குழு அந்தத் தடுப்பு தன்னிச்சையானது என்று முடிவுசெய்தது. 2002இல் மற்றொரு முறையீட்டில், அலுவலகத்தில் வந்து ஆஜராவது, பிணையாள் தருவது போன்ற குறைந்த கடுமையுள்ள வழிகளால் அதே நோக்கத்தை அடைய முடியாது என்பதை அரசு காட்டவில்லை என்று சுட்டியது. இதன் பொருள் எளிது. ஏன் விட வேண்டும் என்று அடைபட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஏன் அடைக்க வேண்டும் என்பதை அரசே நிரூபிக்க வேண்டும்.

அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகம் 2012இல் வெளியிட்ட தடுப்புக்காவல் வழிகாட்டுதல்களும், 2018இல் ஏற்கப்பட்ட புலம்பெயர்வுக்கான உலக உடன்பாட்டின் 13ஆம் நோக்கமும் தடுப்பைக் கடைசி வழியாக மட்டும் கொள்ளச் சொல்கின்றன. குழந்தைகளின் பொருட்டு ஐ.நா. குழுக்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. பெற்றோரின் குடிவரவு நிலையைக் காரணம் காட்டிக் குழந்தையை அடைப்பது எப்போதுமே குழந்தை உரிமை மீறல்தான் என 2017இல் இரண்டு குழுக்கள் கூட்டாகக் கருத்துரைத்தன.

கையெழுத்தும் பிணையும்

மாற்று வழிகளில் மிகப் பழையதும் மலிவானதும் குறித்த நாளில் ஆஜராவதாகும். வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ காவல் நிலையத்திலோ குடிவரவு அலுவலகத்திலோ வந்து கையெழுத்திட வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்த நிபந்தனை, அலுவலகம் பல மைல் தொலைவில் இருந்து, வேலை செய்யவும் அனுமதி இல்லாதவருக்குப் பேருந்துக் கட்டணமே சுமையாகும்போது கடினமாகிவிடும். அப்போது அவர் ஒரு நாள் தவறினால், தலைமறைவாகும் எண்ணம் கொண்டவர் என்று கோப்பில் ஏறும். நிபந்தனையே மீறலை உண்டாக்கும் இடம் இது.

பிணைத்தொகையிலும் இதே சிக்கல் உண்டு. பணமோ உறவினரோ உள்ளவர் வெளியே வருகிறார். புதிதாக வந்து, ஊரில் யாரையும் அறியாதவர் உள்ளேயே இருக்கிறார். கனடாவின் டொராண்டோ நகரில் குற்ற வழக்குகளில் பிணை இல்லாதவர்களுக்கு உதவிவந்த ஓர் அமைப்பு, 1990களின் நடுப்பகுதியிலிருந்து குடிவரவுத் தடுப்பில் உள்ளவர்களுக்கும் பிணை நிற்கத் தொடங்கியது. பணம் கட்டாமல், மேற்பார்வைப் பொறுப்பை அந்த அமைப்பே ஏற்றுக்கொள்ளும். வெளியே வந்தவர் முதலில் அடிக்கடியும், நம்பிக்கை வளர வளரக் குறைவாகவும் வந்து ஆஜராவார். டொராண்டோவிலும் ஜெனீவாவிலும் புகலிடக் கோரிக்கையாளர்களை நேர்கண்டு, ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகத்துக்காக 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, அவர்களில் பெரும்பாலோர் இயல்பாகவே விதிகளுக்கு இணங்கி நடக்கும் மனநிலையில் இருப்பதாகக் கண்டது. புகலிடம் கிடைக்கும் என்று நம்புபவர், அதைத் தரும் அலுவலகத்திலிருந்து ஓடுவதில் பயனில்லை என்பது உண்மையில் பொது அறிவுதான்.

பொறுப்பாளர் முறை

இத்துறையில் ஈடுபட்டுள்ள அமைப்புகள் அதிகம் பரிந்துரைப்பது தனிநபர் வழக்கு மேலாண்மை ஆகும். இதில் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொறுப்பாளர் அமர்த்தப்படுகிறார். அவர் முடிவெடுக்கும் அதிகாரி அல்லர், காவலரும் அல்லர். விசாரணைத் தேதி எப்போது, எந்தத் தாளை எங்கே தர வேண்டும், வழக்கறிஞரை எப்படி அணுகுவது, குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதிலெல்லாம் உடன் நிற்பார். விண்ணப்பம் தோற்றுப்போனால் அதையும் அவரே ஒளிக்காமல் எடுத்துச் சொல்வார். திரும்பிப் போவது உட்பட எஞ்சியிருக்கும் வழிகளைப் பற்றியும் பேசுவார். சர்வதேசத் தடுப்புக்காவல் கூட்டமைப்பு 2011இல் வெளியிட்டுப் பின்னர் 2015இல் திருத்திய கையேடு இம்முறையை விரிவாக வகுத்துத் தந்தது.

இதன் அடிப்படைக் கணிப்பு ஒன்றே. தன் தரப்பு முழுமையாகக் கேட்கப்பட்டது என்று நம்புபவர், பாதகமான முடிவையும் ஏற்க முன்வருவார். மொழி புரியாமல், வழக்கறிஞர் இல்லாமல், சில நிமிட விசாரணையில் மறுக்கப்பட்டவர் அதை ஏற்பது அரிது.

அமெரிக்காவில் 2016 சனவரி முதல் 2017 சூன் வரை ஐந்து பெருநகர்ப் பகுதிகளில் குடும்பங்களுக்காக நடந்த திட்டம் இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அளித்த அறிக்கையின்படி, திட்டத்தில் இருந்தோர் குடிவரவு அதிகாரிகளுடனான சந்திப்புகளுக்கு 99 விழுக்காடும், நீதிமன்ற விசாரணைகளுக்கு 100 விழுக்காடும் வந்திருந்தனர். ஒரு குடும்பத்துக்கான ஒரு நாள் செலவு 40 டாலருக்கும் குறைவு. குடும்பத் தடுப்பு மையத்திலோ ஒரே ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 டாலருக்கு மேல் செலவானது. ஆயினும் இத்திட்டம் 2017இல் நிறுத்தப்பட்டது. மற்றக் கண்காணிப்பு முறைகளோடு ஒப்பிட்டால் செலவு கூடுதல் என்பது அரசு சொன்ன காரணம். தொலைபேசி அழைப்பு மூலம் கண்காணிப்பதோடு ஒப்பிட்டால் அது உண்மைதான். தடுப்பு மையத்தோடு ஒப்பிட்டால் அவ்வாறில்லை. எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதிலேயே விடை அடங்கியிருக்கிறது.

ஐக்கிய இராச்சியத்தில் நியூகாசில் நகரில் 2019இல் தொடங்கிய ஒரு முன்னோடித் திட்டம், தடுப்பில் இருந்த அல்லது தடுப்புக்கு உள்ளாகக்கூடிய சில பெண்களுக்குத் தங்குமிடமும் பொறுப்பாளரும் சட்ட ஆலோசனையும் தந்தது. அதன் மதிப்பீட்டறிக்கை, பெண்களின் மனநலம் மேம்பட்டதையும், செலவு தடுப்பில் வைப்பதைவிடப் பாதிக்கும் குறைவானதையும் பதிவுசெய்தது. ஆனால் எண்ணிக்கையில் மிகச் சிறிய திட்டம் என்பதால், அதன் முடிவுகளை நாடு முழுவதற்கும் அப்படியே பொருத்திவிட முடியாது.

பெல்ஜியத்தின் அனுபவம் வேறொரு பாடம் சொல்கிறது. 2002இல் பெற்றோர் உடன் இல்லாத ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பெரியவர்களுக்கான மையத்தில் அடைத்து வைத்ததற்காக, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2006இல் அந்நாட்டைக் கண்டித்தது. 2008 அக்டோபர் முதல் பெல்ஜியம் குழந்தைகள் உள்ள குடும்பங்களைத் திறந்த வீடுகளில் தங்கவைத்து, பயிற்றுநர் எனப்படும் பொறுப்பாளர்களை நியமித்தது. குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர், கதவுகளுக்குப் பூட்டில்லை. இவ்வீடுகளிலிருந்து கணிசமான குடும்பங்கள் வெளியேறி மறைந்தன என்பதும் உண்மை. அரசு அதைத் திட்டத்தின் தோல்வியாகக் கண்டது. எல்லா வாய்ப்பும் முடிந்த பிறகு, நாடு கடத்தும் தறுவாயில் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நம்பிக்கையை எதிர்பார்ப்பது எப்படி என்று விமர்சகர்கள் கேட்டனர். பொறுப்பாளர் முதல் நாளிலிருந்தே உடன் இருக்க வேண்டும் என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. 2018இல் அந்நாடு மூடிய குடும்ப அலகுகளை மீண்டும் திறந்தது. 2019 ஏப்ரலில் அதன் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதற்கான ஆணையை நிறுத்திவைத்தது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம்

தடுப்பையும் மாற்றையும் ஒரே நாட்டில் அருகருகே காண ஆஸ்திரேலியா ஏற்ற எடுத்துக்காட்டு. படகில் வந்த கம்போடியர்களை முன்னிட்டு 1992இல் அங்கே கட்டாயத் தடுப்புக்காவல் சட்டமானது. தொடக்கத்தில் 273 நாள் வரம்பு இருந்தது. 1994இல் அந்த வரம்பும் நீங்கி, விசா இல்லாத அனைவருக்கும் கட்டாயத் தடுப்பு என்றானது. நாடற்ற ஒருவரை அனுப்ப வழியில்லாவிட்டாலும் தொடர்ந்து அடைத்து வைக்கலாம் என 2004இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் குறுகிய பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

குழந்தைகள் கம்பிவேலிக்குள் இருக்கும் காட்சிகள் மக்களிடையே எழுப்பிய எதிர்ப்பால், 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. குழந்தையைத் தடுப்பது கடைசி வழி என்ற கொள்கை சட்டத்தில் ஏறியது. அமைச்சர் விரும்பினால் ஒருவரை மையத்துக்கு வெளியே, குறிப்பிட்ட வீட்டில் காவலரின்றி வாழ அனுமதிக்கலாம் என்ற அதிகாரமும் வந்தது. இது 'சமூகத் தடுப்பு' என்று அழைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டே, நலிவுற்ற நிலையில் உள்ளோருக்குப் பொறுப்பாளரும் மருத்துவ, சட்ட உதவியும் தரும் முன்னோடித் திட்டம் ஒன்று தொடங்கி, பின்னர் நிலையான திட்டமானது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் மாற்று வழிகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துமாறு அமைச்சரைக் கட்டாயப்படுத்த எவராலும் முடியாது. அதன் விளைவைத் தமிழ் வாசகர்கள் பலரும் அறிந்த பிலோவீலா நிகழ்வில் காணலாம். குயின்ஸ்லாந்தின் இச்சிற்றூரில் வாழ்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று, தாயின் இடைக்கால விசா காலாவதியானதும் 2018 மார்ச்சில் விடியற்காலையில் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு மெல்பேர்ண் மையத்தில் அடைக்கப்பட்டது. பெண் குழந்தைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். தந்தை ஊரின் இறைச்சி ஆலையில் வேலை பார்த்தவர். குடும்பத்தின் முகவரி அனைவருக்கும் தெரியும். தலைமறைவாகும் அறிகுறி ஏதும் இல்லை. 2019 ஆகஸ்டில் நாடு கடத்தும் விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிமன்றத் தடை வந்ததால், அக்குடும்பம் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2021 சூனில் இளைய மகள் கடுமையாக நோயுற்றுப் பேர்த் நகர மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரே, அமைச்சர் அவர்களைச் சமூகத் தடுப்பில் வாழ அனுமதித்தார். ஆட்சி மாறியபின் 2022 சூனில் பிலோவீலாவுக்குத் திரும்பிய குடும்பத்துக்கு ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தரப்பட்ட அந்த மாற்று வழியை முதல் நாளிலேயே தருவதற்குச் சட்டம் தடையாக இருக்கவில்லை. சட்டத்தில் மாற்று இருப்பது வேறு. அது கேட்டுப் பெறும் உரிமையாக இருப்பது வேறு.

2023 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தன் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. அண்மையில் அனுப்பும் உண்மையான வாய்ப்பு இல்லாதவரை அடைத்து வைக்க முடியாது என்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தனர். அவர்களில் பலர் குற்றத் தண்டனை பெற்று அதை முடித்தவர்கள் என்பதால் நாட்டில் பெரும் சர்ச்சை எழுந்தது. நாடாளுமன்றம் சில நாட்களிலேயே சட்டம் இயற்றி, கணுக்கால் பட்டையையும் இரவு ஊரடங்கையும் விதிக்க வழிசெய்தது. 2024 நவம்பரில் அந்த நிபந்தனைகளையும் அதே நீதிமன்றம் செல்லாதவை என்றது. அவை தண்டனையின் இயல்புடையவை. தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை, அரசின் வேலை அன்று என்பதே அதன் காரணம்.

மின்னணுக் கண்காணிப்பு பற்றிய விமர்சனம்

மாற்று வழி என்ற பெயரில் எதையெல்லாம் ஏற்கலாம் என்ற கேள்வி மின்னணுக் கருவிகள் வந்தபின் கூர்மையாகியுள்ளது. கணுக்கால் பட்டை, குற்றவாளி என்ற முத்திரையைக் குத்துவதால் அதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டுதல்களே கூறுகின்றன. பட்டையைச் சார்ஜ் செய்யச் சுவர் அருகே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை இடத்தில் அது ஒலி எழுப்பும். பார்ப்பவர் விலகிச் செல்வர்.

அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய தீவிர மேற்பார்வைத் திட்டம் பட்டை, தொலைபேசி, 2018க்குப் பின் கைபேசிச் செயலி ஆகியவற்றின் மூலம் இயங்குகிறது. செயலியில் தன் முகத்தைப் படமெடுத்து அனுப்பினால் ஆஜரானதாகக் கொள்ளப்படும். 2022இல் இத்திட்டத்தில் இருந்தோர் 3,00,000ஐக் கடந்தனர். இதை நடத்தும் நிறுவனம், தனியார் சிறைகளையும் தடுப்பு மையங்களையும் நடத்தும் ஜியோ குழுமத்துக்குச் சொந்தமானது. தடுப்பில் இருப்போரின் எண்ணிக்கையைக் குறைக்க வந்த கருவி, தடுப்பு மையங்களை மூடாமலேயே, முன்பு எந்தக் கட்டுப்பாடும் இன்றி வெளியே இருந்திருக்கக்கூடியவர்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் முதன்மைக் குற்றச்சாட்டு. மீன் பிடிக்கும் வலை பெரிதானது போலத்தான் இதுவும். ஒரு திட்டம் உண்மையான மாற்றா என்பதை அறிய, அது தொடங்கியபின் எத்தனை பேர் மையத்திலிருந்து வெளியே வந்தனர் என்று பார்க்க வேண்டும்.

ஆசியாவில்

அகதிகள் உடன்படிக்கையில் சேராத தாய்லாந்து, 2019 சனவரியில் ஏழு அரசுத் துறைகளின் கூட்டு ஒப்பந்தத்தின் வழியே, குழந்தைகளைக் குடிவரவு மையங்களில் வைக்காமல் வெளியே பராமரிக்க ஒப்புக்கொண்டது. தாய்மார்கள் பிணையில் குழந்தைகளுடன் வெளிவர முடிந்தது. தந்தையர் பெரும்பாலும் உள்ளேயே இருந்தனர். மலேசியா 2023இல் குழந்தைகளுக்கெனத் தனி இல்லங்களைத் தொடங்கியது. அவற்றில் காவல் தொடர்வதால் அவையும் இன்னொரு வகைத் தடுப்பே என்ற விமர்சனம் எழுந்துள்ளது.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவும் அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. எனினும் பிணையும் கையெழுத்தும் கலந்த ஒரு மாற்று முறையை உச்ச நீதிமன்றமே வகுத்த நிகழ்வு உண்டு. அசாமில் வெளிநாட்டவர் என்று தீர்ப்பாயங்களால் அறிவிக்கப்பட்டோர் சிறை வளாகங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் பலர் தம்மை இந்தியர் என்றே கூறிவந்தனர். மூன்று ஆண்டுகளைக் கடந்தவர்களை நிபந்தனையுடன் விடலாம் என 2019 மே மாதத்தில் நீதிமன்றம் ஆணையிட்டது. தலா ஒரு லட்சம் ரூபாய்க்கு இரண்டு இந்தியப் பிணையாளர்கள், சரிபார்க்கத்தக்க முகவரி, கைரேகையும் கருவிழிப் பதிவும், வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் ஆஜராவது ஆகியவை நிபந்தனைகள். கூலி வேலை செய்யும் குடும்பங்கள் லட்ச ரூபாய்ப் பிணையாளுக்கு எங்கே போகும்? கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் காலவரம்பு இரண்டு ஆண்டுகளாகவும் பிணை 5,000 ரூபாயாகவும் குறைக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் 1983க்குப் பின் வந்த இலங்கைத் தமிழர்களின் நிலை, மாற்றும் தடுப்பும் ஒரே மாநிலத்தில் எப்படி அடுத்தடுத்து இருக்கும் என்பதைக் காட்டுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆண்களும் பெண்களும் வெளியே கூலி வேலைக்குச் செல்கிறார்கள். பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். குறித்த நாட்களில் அதிகாரிகள் நடத்தும் ஆள் சரிபார்ப்புக்கு நேரில் இருக்க வேண்டும். முகாமுக்கு வெளியே வசிப்போர் காவல் நிலையத்தில் பதிந்திருக்க வேண்டும். மாற்று வழிமுறை என்று யாரும் திட்டமிட்டு இதை உருவாக்கவில்லை. ஆயினும் குறித்த இடத்தில் வசிப்பு, குறித்த நாளில் ஆஜர் என்ற இரு கூறுகளும் இதில் உள்ளன; பெருந்தொகையான அகதிகளை அடைத்து வைக்காமலேயே பல பத்தாண்டுகள் பராமரிக்க முடியும் என்பதற்கு இது சான்று. 2021இல் இம்முகாம்களின் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது.

சிறப்பு முகாம் என்பது வேறு. அயல்நாட்டவர் சட்டம், 1946இன் 3(2)(இ) பிரிவின் கீழ் 'குறித்த இடத்தில் வசிக்க' ஆணையிட்டே ஒருவர் அங்கே வைக்கப்பட்டார். ஏட்டில் இது வசிப்பிடக் கட்டுப்பாடு. ஆனால் அந்த இடம் திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள் இருந்தது. வாயிலைத் தாண்ட அனுமதி இல்லை. வழக்கில் பிணை பெற்றவர்களும் தண்டனை முடித்தவர்களும் அங்கே வைக்கப்பட்டனர். தங்களை விடுவிக்கக் கோரிப் பலமுறை உண்ணாவிரதம் இருந்தனர். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சியிருந்தவர்களை விடுவித்தபோது, அவர்களுள் இலங்கைக் குடிமக்களான நால்வர் சிறையிலிருந்து நேரே இம்முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒருவர் நாடு திரும்பும் அனுமதிக்குப் பின் 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவர் அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை சென்றனர்.